தூய்மை எனும் சொல்லும் கூடங்குளத்து உலையும்



அணுமின்னாற்றல் தூய்மையானது என்று நடுவணரசு சொல்லி வருகின்றது. அக்கூற்றில் உள்ள உண்மையை மறைத்தல் அறமாகாது. நிலக்கரி எரியும் நிலையங்கள் கரிவளியையும் சாம்பலையும் கக்குகின்றன. அணுவுலை இயங்குங்கால் அப்புகை இல்லை. ஆனால், புகையின்மை ஒன்றே தூய்மையாகுமா?

1988இல் இராசீவ் காந்தியும் கோர்பச்சேவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்வழி எழுந்தது கூடங்குளம். 1000 மெகாவாட்டு முதல் உலை 2013இலும், இரண்டாவது 2016இலும் மின்தொடரில் இணைந்தன. இடையே, 2011 மார்ச்சு 11இல் சப்பானில் நிலம் நடுங்கியது, ஆழிப்பேரலை எழுந்தது, மின்சாரம் அற்றுக் குளிர்நீர் நின்றது, புகுசிமாவில் மூன்று உலைகள் உருகின. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைக் கண்ட தென்கரை மக்கள் அஞ்சினர். அவ்வாண்டே இடிந்தகரையில் உண்ணாநோன்பிருந்து, “கழிவை எங்கு வைப்பீர்?” என வினவினர். வினவியோர்மீது அரசிரண்டக வழக்குகள் பாய்ந்தன.

2013 மே 6இல் உலைக்கு இசைவளித்த உச்ச நயன்மன்றமே, எரிந்து கழிந்த எரிகோல்களை வைக்க உலைக்குப் புறத்தே ஐந்தாண்டில் கிடங்கு வேண்டும் என்றது. வழக்குகளைத் திரும்பப் பெற முயல்க என்றும் அறிவுறுத்தியது. ஐந்தாண்டு கழிந்தது, கிடங்கு அமையவில்லை, 2018இல் காலநீட்டிப்புப் பெற்றனர். 2019 சூலை 10இல் நடக்கவிருந்த மக்கள் கருத்துக்கேட்பும் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பெற்றது. ஆயினும் மூன்றாம், நான்காம் உலைகளை 2017இலும், ஐந்தாம், ஆறாம் உலைகளை 2021இலும் கட்டத் தொடங்கினர்.

அவ்வெரிகோல்களில் உள்ள புளுத்தோனியம் பாதியாகத் தேய்வதற்கே 24,000 ஆண்டுகள் செல்லும். அதனைப் பிரித்தெடுத்து மீண்டும் எரிக்கலாம் என்பர். பிரித்த பின்னும் கடுங்கதிர்க் கழிவு எஞ்சும். அதனை நெடுங்காலம் புதைத்துக் காக்கும் ஆழ்நிலக் கிடங்கு இந்தியாவில் இன்றுவரை இல்லை.

தமிழர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கழகப் பாடல்கள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையன. அவற்றிற்கே இன்று உரை வேண்டும்; அக்காலக் குகை எழுத்தைப் படிக்கக் கல்வெட்டறிஞர் வேண்டும். ‘இங்கே தோண்டாதீர்’ என்று இன்று பொறித்து வைத்தால், அதனினும் பன்னிரு மடங்கு காலம் கடந்து அவ்வெழுத்தைப் படிப்பவர் யார்? மொழியே மாறிப்போகும் காலத்தையும் கடந்து நிற்கும் நஞ்சினைத் தூய்மை என அழைப்பது சொல்லுக்கும் இழுக்கு, மக்களுக்கும் கேடு.

வீட்டைப் பெருக்கிக் குப்பையை அண்டை வீட்டு வாயிலில் தள்ளுபவரைத் தூயவர் என எவரும் சொல்லார். பேரன் வீட்டு வாயிலில் தள்ளுபவரை மட்டும் எவ்வாறு சொல்வது?

ஆதலின், கழிவுக்கு நிலையான இடம் காட்டும்வரை புதிய உலை எதுவும் இயங்கலாகாது. இதனை ஊர்தோறும் உரக்கச் சொல்லுக! தூய்மை எனும் சொல்லைத் தூய்மையாகக் காத்திடுக!

வெல்க தமிழ்!