கல்லில் நின்ற கொடை
(குடமுழுக்கு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இரத சப்தமி நாளிலே அண்ணாமலையார் எழுந்தருளித் தீர்த்தவாரி கொண்டருளும் செய்யாற்றங்கரை ஊர் இக்கலசப்பாக்கம். இங்கே குடமுழுக்குக் காண வந்துள்ள உங்களிடம் திருக்கோயிற் கலையைக் குறித்துச் சில சொல்லுமாறு பெரியோர்கள் பணித்தார்கள். அதற்குத் தஞ்சைக்கும் காஞ்சிக்கும் செல்ல வேண்டுவதில்லை. போளூருக்கு வடகிழக்கே, ஆரணிப் பக்கத்தில் உள்ள திருமலையே போதும்.

திருமலை சமணர்தம் திருப்பதி. குன்றின் பாறையிலேயே செதுக்கிய நேமிநாதர் திருவுருவம் ஏறக்குறைய 16 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அடிவாரத்தில் கற்கோயில், குகைகளில் பார்சுவநாதர், பாகுபலி, தருமதேவி ஆகியோரின் சிற்பங்களும், வண்ண ஓவியங்களும் உள்ளன.

சிவாலயத் திருப்பணியில் சமணர் குன்றை ஏன் நினைக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கருவறையில் எழுந்தருளும் மூர்த்தி வேறு. கட்டிய கலை ஒன்றே. அதிட்டானம், கால், பிரஸ்தரம், கண்டம், சிகரம், தூபி என்னும் ஆறு அங்கங்கள் தமிழகத்துச் சிவாலயத்துக்கும் விண்ணகரத்துக்கும் ஜினாலயத்துக்கும் பொதுவானவை. இராசராசன் தமக்கையாராகிய குந்தவைப் பிராட்டியார் திண்டிவனத்துக்கு அண்மையிலுள்ள தாதாபுரத்தில் சிவபெருமானுக்கும் திருமாலுக்கும் அருகருக்குமாக மூன்று கோயில்கள் எடுப்பித்தார். திருமலைக் கோயிலும் அப்பிராட்டியார் பெயரால் குந்தவை ஜினாலயம் என்றே வழங்கியது.

அத்திருமலைப் பாறையில் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அம்மன்னன் வடநாடு வென்ற சிறப்பையெல்லாம் விரித்துக் கூறிவிட்டு, அது இறுதியில் சொல்லுவது யாது? நன்னப்பயன் என்னும் வணிகன் மனைவி சாமுண்டப்பை, இக்கோயிலில் விளக்கெரியவும் திருவமுது படைக்கவும் பொருள் அளித்தாள் என்பதே. பேரரசனும் வணிகன் மனைவியும் ஒரே கல்லில்! அவள் ஏற்றிய விளக்கின் எண்ணெய் என்றோ தீர்ந்தது. ஆயினும், ஆயிரம் ஆண்டு கழிந்தும் அவள் பெயரை நாம் அறிகிறோம். கல் காத்தமையால் அன்றோ?

அதே திருமலையில் இன்னொரு செய்தியும் உளது. முற்காலத்தில் சேரர் மரபினனான எழினி என்பான் இயக்கன், இயக்கி ஆகியோரின் திருவுருவங்களைச் செய்வித்தான். காலத்தால் அவை சிதைவுற்றன. அம்மரபிலே பின்வந்த அதியமான் விடுகாதழகிய பெருமாள் அவற்றைப் புதுக்கி, எறிமணி அளித்து, கால்வாயும் அமைத்தான். இவை அனைத்தையும் கல்லில் எழுதுவித்தபோது, முதலில் செய்தவன் எழினியே என்பதையும் உடன் எழுதுவித்தான். முன்னோன் பெயரை அழித்துத் தன் பெயரை நாட்டவில்லை. திருப்பணி செய்வோர்க்கு இதனினும் உயர்ந்த இலக்கணம் வேறு உண்டோ?

அன்பர்களே! இதனை இன்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் காலத்தில் திருப்பணி என்ற பெயராலேயே பழம்பொருள் பல அழிந்துள்ளன. பழைய ஓவியத்தின்மேல் சுண்ணாம்பு பூசினார்கள். அழுக்கு நீக்குவதாக எண்ணிக் காற்றின் விசையால் மணலை வீசியடித்தபோது கல்லின் மேற்பரப்பே தேய்ந்து, எழுத்தும் சிற்பத்தின் நுண்மையும் மழுங்கின. எழுத்துள்ள சுவரைத் துளைத்து, நன்கொடையாளர் பெயர் தாங்கிய பளிங்குப் பலகையைப் பதித்த இடங்களும் உண்டு. கொடுத்தவர் உள்ளத்தில் குற்றமில்லை. செய்த முறையிலேயே குற்றம்.

ஆதலின், நன்கொடை நல்கும் பெருமக்கள் ஓர் உறுதி கொள்ளல் வேண்டும். வேலை தொடங்குமுன் ஒவ்வொரு கல்வெட்டையும் படியெடுத்தும் படம்பிடித்தும் வைக்கச் செய்யுங்கள். பிரிக்கும் கற்களுக்கு எண்ணிட்டு, அவ்வவ்விடத்திலேயே மீண்டும் அமைக்கச் செய்யுங்கள். புதிய பெயர்ப்பலகைக்குத் தனியிடம் வகுத்துக்கொள்ளுங்கள்.

பட்டு நெய்யும் ஆரணிச் சீமையினராகிய உங்களுக்கு ஒன்று நன்கு தெரியும். பாவு அறுந்தால் ஊடை நில்லாது. முன்னோர் கொடை பாவு. நம் கொடை ஊடை. அதனைக் காத்து இதனை நெய்வோமாயின், நம் பெயரையும் பின்வருவோர் காப்பர்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் அதற்குத் துணைநிற்பதாகுக.