ஊர் செல்லும் நாடக மாணவருக்கு



இத்தவணை இன்றோடு முடிகின்றது. நீங்கள் ஊர் திரும்புமுன் ஒன்று கூற விரும்புகின்றோம்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துக்களை மேடையேற்றினார். விடியும்வரை ஆடப்பெற்ற கூத்து ஓரிரு மணி நேரத்துள் அடங்கிற்று, நகரத்தார் வியந்தனர். அந்த ஆட்டத்தைக் காத்துவைத்திருந்தோர் யாவர்? மட்டக்களப்பு நாட்டுப்புறத்து அண்ணாவிமாரன்றோ!

கூத்துக் கொப்பியை எவரும் படியெடுக்கலாம். தாளக்கட்டும் காலடியும் அத்தகையன அல்ல. களரியிலே அண்ணாவியார் பின்னின்று ஆடியே அவை கைவரும். பகலெல்லாம் வயலில் நின்ற உழவன் இரவில் தருமனாகவும் வீமனாகவும் விளங்கியது அவ்வாறே. இன்று பல ஊர்களில் அண்ணாவியார் முதுமையடைந்துவிட்டார். பின்னிற்க ஆளில்லையேல் ஆட்டமும் அவரோடு போய்விடும்.

ஆதலால் இவ்விடுமுறையில் அவரிடம் செல்லுங்கள். கைத்தொலைபேசியை நீட்டி முதல் நாளே படம்பிடிக்க வேண்டா. படித்தவர் என்னும் எண்ணத்தையும் வாசலிலேயே விட்டுவிடுங்கள். நாமும் ஒருகாலத்தில் குறிப்புப் புத்தகத்தோடு சென்று, “தம்பிக்கு ஆடத் தெரியுமோ?” என்ற கேள்விக்கு விடையின்றி விழித்தவர்களே.

ஒரு பாத்திரத்தின் வரவு ஆட்டத்தையேனும் முழுமையாகப் பழகி வாருங்கள். அடுத்த தவணையின் முதல் நாளில் எழுத வேண்டியது எதுவுமில்லை. மத்தளம் இங்கே இருக்கும். ஆடிக் காட்ட வேண்டும்.