சிங்கோனாப் பட்டையும் இருதயத் துடிப்பும்



தம்புள்ளையிலிருந்து தெற்கு நோக்கி வரும் நெடுஞ்சாலையில், மாத்தளை நகரை அடையுமுன் பலாபத்வல என்னும் ஊர் உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வேலை தேடித் தமிழகத்திலிருந்து புறப்பட்ட மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, இந்த வடபாதை வழியாகவே கால்நடையாய் மாத்தளையை அடைந்தனர். காட்டுக் காய்ச்சலும் கொள்ளைநோயும் அவர்களுட் பலரை வழியிலேயே மாய்த்தன. அக்காய்ச்சலுக்குக் கைகண்ட மருந்தாயிருந்தது கொயினா. அதனைத் தரும் சிங்கோனாப் பட்டையிலேயே இருதயத்தின் பிழைபட்ட துடிப்பைத் திருத்தும் மருந்தொன்றும் மறைந்திருந்தது. அதுவே குவினிடின்.

தென்னமெரிக்க மரமாகிய சிங்கோனாவை இலங்கையில் வளர்ப்பதற்கென 1861ஆம் ஆண்டில் ஹக்கலைத் தோட்டம் நிறுவப்பட்டது. 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, தோட்டக்காரர் பலர் சிங்கோனாவின்பால் திரும்பினர். 1886ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை ஏற்றுமதியாயிற்று. ஆயின் சந்தையில் பட்டை மலிந்து விலை சரிந்தது. மலைகளைத் தேயிலை கைப்பற்றிக்கொண்டது.

கொயினாவும் குவினிடினும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளை ஒத்தவை. இரண்டிலும் உள்ள அணுக்களின் வகையும் தொகையும் ஒன்றே; அவை அமைந்து நிற்கும் திசையில் மாத்திரமே வேறுபாடு உண்டு. 1912ஆம் ஆண்டளவில் வெங்கபாக் என்ற வைத்திய அறிஞரிடம் ஒல்லாந்த வணிகர் ஒருவர் வந்தார். கீழைநாடுகளில் வாழ்ந்து கொயினா உண்டு பழகியவர் அவர். தமது தாறுமாறான நாடியைக் கொயினாவினால் தாமே சீராக்க முடியுமென்று கூறி, மறுநாள் சீரான நாடியோடு வந்து நின்றார். வெங்கபாக் இதனை 1914ஆம் ஆண்டில் நூலில் எழுதினார். 1918ஆம் ஆண்டில் வைத்தியர் பிரை, பட்டையின் சத்துக்களை ஒப்பிட்டு, இவ்வகையில் வல்லது குவினிடினே எனக் காட்டினார்.

அது எவ்வாறு வேலை செய்கிறது? இருதயத் தசையின் ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் சோடியம் பாயும்போது துடிப்பு எழுகிறது. பொற்றாசியம் வெளியேறும்போது அணு இளைப்பாறுகிறது. மேலறைகளில் இவ்வலைகள் ஒழுங்கிழந்து நிமிடத்துக்கு முந்நூறு தடவைக்கு மேலும் சுழலுமாயின், நாடி தடுமாறுகிறது. குவினிடின் சோடியம் நுழையும் வாயிலை ஓரளவு அடைக்கிறது, அலை மெதுவாகிறது. பொற்றாசியம் வெளியேறும் வாயிலையும் அடைக்கிறது. இளைப்பாறும் காலம் நீள்கிறது. சுழன்று திரும்பி வரும் அலை, இளைப்பாறி முடியாத தசையைக் கண்டு அவிந்துபோகிறது.

ஆனால், நேயர்களே, நன்மை செய்யும் அதே இயல்பில்தான் தீமையும் இருக்கிறது. இளைப்பாறுங் காலம் அளவுக்கு மிஞ்சி நீண்டால், கீழறைகளிலே கொடிய துடிப்பு மூளக்கூடும். குவினிடின் உண்டவர் சிலர் திடீரென மயங்கி வீழ்ந்ததன் காரணம் இதுவே. காதிரைச்சல், தலைச்சுற்று, பார்வை மங்கல், வயிற்றோட்டம் ஆகியனவும் உண்டாகலாம். டிஜொக்சின் என்னும் இருதய மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால், இரத்தத்தில் டிஜொக்சினின் அளவு ஏறத்தாழ இருமடங்காகும் என்பது 1978ஆம் ஆண்டில் அறியப்பட்டது. பல ஆய்வுகளைத் தொகுத்து 1990ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணிப்பு, குவினிடின் நாடியைச் சீராக வைத்திருந்தபோதும், அதனை உண்டவரிடையே மரணம் மிகுந்திருந்ததெனக் காட்டிற்று. நாடி சீராவது ஒன்று, ஆயுள் நீள்வது வேறொன்று என்பதை வைத்திய உலகம் இதனால் கற்றுக்கொண்டது.

ஆகவே இன்று குவினிடினின் இடத்தைப் பெரும்பாலும் வேறு மருந்துகள் பெற்றுவிட்டன. எனினும், 1992ஆம் ஆண்டில் புருகாடா சகோதரர் விவரித்த, திடீர் மரணம் விளைக்கும் பரம்பரை இருதய நோய் உள்ளவர் சிலருக்கு அது இன்றும் உயிர்த்துணையாக நிற்கிறது.

துடிப்பைத் திருத்தும் எம்மருந்துக்கும் இவ்வரலாறு பொருந்தும். ஒல்லாந்த வணிகர் தாமே மருந்துண்டு பிழைத்தார். அதனை நாம் முன்மாதிரியாகக் கொள்ளலாகாது. ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையை மற்றொருவர் உண்ணுதலும், வேளை தவறியதற்கு ஈடாக இருமடங்கு விழுங்குதலும், நாடி சீரானதென்று தாமே நிறுத்துதலும் ஆபத்தானவை. புதிய வைத்தியரிடம் செல்லும்போது, நாட்டு மருந்து உட்பட, உண்டுவரும் மருந்துகள் அனைத்தையும் கையிற் கொண்டு சென்று காட்டுங்கள். மயக்கம் வருமாயின் தாமதியாது வைத்தியசாலையை நாடுங்கள்.

இலங்கை மலேரியா அற்ற நாடென 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. வடபாதையில் நடந்தவர்களை அச்சுறுத்திய அக்காய்ச்சல் நீங்கிவிட்டது. அதற்கு மருந்தளித்த பட்டையோ, அளவறிந்து உண்பதே மருந்து என்னும் பாடத்தை இன்னும் நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.