பதினோரு மாத வீடு

வாடகை வீடா சொந்த வீடா என்ற பேச்சை எந்த வீட்டில் எடுத்தாலும் இரண்டாவது நிமிடத்தில் ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். "மாசாமாசம் வாடகை கொடுக்கிறது தண்டம். அதையே பேங்குக்குக் கட்டினா வீடாவது மிஞ்சும்." அதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தத் தீர்ப்பின் மேல் ஒரு மேல்முறையீடுதான் இந்த உரை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் சொந்த வீடு வாங்குகிறவர் பெரும்பாலும் லாபத்தை வாங்குவதில்லை. "அடுத்த மாசம் காலி பண்ணிடுங்க" என்று யாரும் தன்னிடம் சொல்ல முடியாத ஒரு நிம்மதியை வாங்குகிறார். அது வாங்கத் தக்க பொருள்தான், ஆனால் அதன் விலை அதிகம். அந்த விலையை அவ்வளவு தூரம் ஏற்றி வைத்திருப்பது சிமெண்டும் கம்பியும் மட்டுமல்ல, வாடகைக்கு இருப்பவருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் அந்த இரண்டு பக்க ஒப்பந்தமும்தான்.

வானொலியில் எண்களை அடுக்கினால் காதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு வீட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். சென்னைப் புறநகரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், விலை 80 லட்சம், அதே வீட்டுக்கு வாடகை மாதம் 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 2,40,000 ரூபாய், அதாவது விலையில் 3 சதவீதம். நம் பெருநகரங்களில் வாடகை வருமானம் ஏறத்தாழ இந்த அளவில்தான் இருக்கிறது. கையிலிருந்து 20 லட்சம் போட்டு, மீதி 60 லட்சத்தை எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 52,000 ரூபாயைச் சற்றுத் தாண்டும். முதல் மாதத் தவணையைப் பிரித்துப் பாருங்கள். 42,500 ரூபாய் வட்டி. அசலில் கழிவது ஒன்பதரை ஆயிரம். வாடகை தண்டம் என்றால் இந்த 42,500-க்கு என்ன பெயர்? அதுவும் திரும்பி வராத பணம்தான். வீட்டுக்காரருக்குப் போக வேண்டியது வங்கிக்குப் போகிறது, அதுவும் இரண்டு மடங்குக்கு மேல். இதோடு மாதாமாதம் மெயின்டனன்ஸ், ஆண்டுக்கு இரண்டு முறை சொத்துவரி, முன்பணமாகப் போட்ட 20 லட்சம் டெபாசிட்டில் இருந்திருந்தால் வந்திருக்கக்கூடிய வட்டி எல்லாவற்றையும் கூட்டினால், முதல் ஆண்டில் சொந்த வீட்டுக்காரர் கைவிட்டுப் போவது ஏறத்தாழ 7 லட்சம். வாடகைக்காரருக்குப் போவது 2,40,000. இடைவெளி நாலரை லட்சத்துக்கு மேல். அந்த ஃபிளாட்டின் விலை ஆண்டுக்கு ஐந்தரை, ஆறு சதவீதமாவது ஏறினால்தான் முதல் சில ஆண்டுகளில் இருவரும் சமமாவார்கள்.

இங்கே உடனே ஒரு தடை வரும். வாடகை ஆண்டுக்கு ஆண்டு ஏறும், தவணை ஏறாதே என்பீர்கள். நியாயமான கேள்வி, கணக்கிலேயே பதில் இருக்கிறது. 20,000 ரூபாய் வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறிக்கொண்டே போனால் இருபதாம் ஆண்டில் அது 50,500 ரூபாய்க்கு வந்து நிற்கும். கடன் முடியும் வரைக்கும் வாடகை தவணையைத் தொடவே இல்லை. ஆண்டுக்கு 10 சதவீதம் என்று முரட்டுத்தனமாக ஏற்றினால் பன்னிரண்டாம் ஆண்டில் தாண்டும். தவணை ஏறாது என்பதும் முழுக்க உண்மையில்லை. மாறும் வட்டிக் கடனில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை உயர்த்தினால் தவணையோ காலமோ ஏறத்தான் செய்யும். 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் அந்த விகிதம் 4 சதவீதத்திலிருந்து ஆறரைக்குப் போனபோது, ஓய்வு பெறும் வயதுக்கு அப்பாலும் தவணை நீண்டுபோன கடன்காரர்கள் எத்தனையோ பேர்.

இன்னொரு தடை இதைவிடக் கனமானது. "சரி, வாடகையில் இருப்பவர் மிச்சமாகும் 32,000 ரூபாயை மாதாமாதம் சேர்த்து வைப்பாரா? செலவழித்துவிடுவார். தவணை என்றால் கழுத்தைப் பிடித்துச் சேமிக்க வைக்கும்." மனித சுபாவத்தைப் பற்றிய இந்தக் கூற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சேமிப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டாமா? ஐந்து ஆண்டுகளில் வீடு வாங்கியவர் கட்டியிருப்பது 31 லட்சத்துக்கு மேல். அசலில் குறைந்திருப்பது 7 லட்சம்தான். தவணையில் வட்டியைவிட அசல் கூடுதலாகக் கழியத் தொடங்குவதே பன்னிரண்டாம் ஆண்டில்தான். பத்திரச் செலவை இதோடு சேருங்கள். தமிழ்நாட்டில் மனையோ பழைய வீடோ வாங்கினால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். புது அடுக்ககத்தின் முதல் விற்பனைக்கு மட்டும் விலையைப் பொறுத்துச் சற்றுக் குறைவு. 80 லட்சத்தில் ஒன்பது சதவீதம் என்றால் 7,20,000 ரூபாய். ஐந்து ஆண்டில் வேலை மாறி பெங்களூருக்கோ கோவைக்கோ போக நேர்ந்து வீட்டை விற்றால், தவணை சேர்த்துக் கொடுத்த சேமிப்பு முழுவதையும் பத்திரச் செலவே விழுங்கியிருக்கும். ஆகவே வாங்கலாமா கூடாதா என்பதற்கு முன்னால், இதே ஊரில் இதே பகுதியில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இருப்போமா என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இருப்போம் என்று உறுதி இருந்தால் கணக்கு மெல்ல மெல்ல வாங்குகிறவர் பக்கம் சாயும். இல்லையென்றால் சாயாது.

விலை ஏற்றத்தைப் பற்றிச் சொல்லவில்லையே என்று ஒருவர் ரேடியோவைப் பார்த்துக் கோபப்படுவது எனக்குத் தெரிகிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் 1990-களில் ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டவர் கதை எல்லாக் குடும்பத்திலும் ஒன்று உண்டு. அவர் வாங்கியது மண். மண் ஏறியது. ஃபிளாட் வாங்குகிறவருக்குக் கிடைப்பது பிரிபடாத மனைப் பங்கு, யு.டி.எஸ். என்று புரோமோட்டர்கள் சொல்வது. பத்திரத்தில் அது 400, 500 சதுர அடியாக இருக்கும். மற்றதெல்லாம் கட்டடம். கட்டடத்துக்கு வயதாகும், லிஃப்ட் பழுதாகும், மொட்டைமாடி ஒழுகும். முப்பது நாற்பது ஆண்டு கழித்து இடித்துக் கட்ட வேண்டுமென்றால் பழைய நாளில் எல்லா உரிமையாளர்களும் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்ககச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதம் போதும் என்று ஆக்கியிருக்கிறது. நல்ல மாற்றம்தான். விலை ஏறிய கதையைக் கேட்கும்போது, கிரவுண்டு வாங்கி ஜெயித்தவர்தான் கல்யாண வீட்டில் பேசுவார் என்பதையும் மறக்கக் கூடாது. பாதியில் நின்ற கட்டடத்துக்குத் தவணையும், குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் சேர்த்துக் கட்டியவர் பேசமாட்டார். இப்படி மாட்டிக்கொண்டவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனதால்தான் 2016-இல் ரெரா என்ற மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமே வந்தது. வருமான வரிச் சலுகை பற்றி ஒரு வரி: புதிய வரிமுறையில் இருப்பவருக்குத் தாம் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. அந்த ஆசையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கணக்கு இப்படி இருக்க, விவரம் தெரிந்தவர்களும் ஏன் வாங்குகிறார்கள்? இந்தக் கேள்விதான் எனக்குப் பிடித்த பகுதி. உரைக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை இங்கேயே செலவழித்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தம் ஏன் எப்போதும் பதினோரு மாதத்துக்குப் போடப்படுகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? குழந்தையின் பள்ளிக்கூட ஆண்டோ மழைக்காலமோ அதற்குக் காரணமில்லை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதிவென்றால் தீர்வை, கட்டணம், சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்திருப்பு. ஒரு மாதத்தைக் குறைத்தால் எல்லாம் மிச்சம். அதனால் முத்திரைத்தாளில், தேதியும் பெயரும் மட்டும் மாற்றி, ஏற்கெனவே கணினியில் இருக்கும் வாசகத்தையே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். நூற்றாண்டுக்கும் மேல் பழமையான ஒரு சட்டத்தைத் தாண்டிப் போக யாரோ கண்டுபிடித்த குறுக்கு வழி, கோடிக்கணக்கான குடும்பங்கள் ஒரு கூரையின் கீழ் எவ்வளவு காலம் நிம்மதியாக இருக்கலாம் என்பதற்கு அளவுகோலாகிவிட்டது!

வீட்டுக்காரர் பக்கமும் ஒரு பயம் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் வழக்கு ஒருதலையாகிவிடும். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, சட்டம் சொல்லும் காரணம் இல்லாமல் குடியிருப்பவரைக் கிளப்ப முடியாமல் இருந்தது. வேண்டுமென்றே வைத்த வாடகை பாக்கி, உள்வாடகை, சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் என்று காரணங்களை எண்ணி வைத்திருந்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பழைய தெருக்களில் பழைய வாடகையிலேயே தலைமுறை தாண்டியும் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. அதைப் பார்த்த அடுத்த வீட்டுக்காரர் பூட்டுப் போட்டு வைப்பதே மேல் என்று முடிவு செய்தார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் ஒரு கோடிக்கு மேல் வீடுகள் காலியாக இருந்தன. நகர வீடுகளில் வாடகைக்கு விடப்பட்டவை 1961-இல் 54 சதவீதம், 2011-இல் 28 சதவீதம் என்று மத்திய அரசின் 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை சொல்கிறது. அரை நூற்றாண்டில் பாதி! சொந்த வீட்டு ஆசை தமிழர் ரத்தத்தில் ஊறியது என்கிறவர்கள் இந்த எண்ணைச் சற்று யோசிக்க வேண்டும். அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் நகரத்து மனிதர்களில் பாதிக்கு மேல் வாடகை வீட்டில்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். ஜெர்மனியில் இன்றும் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாடகையில் இருக்கின்றன. அங்கே குத்தகைக்குப் பொதுவாக முடிவுத் தேதியே கிடையாது. வீட்டுக்காரர் காரணம் காட்டித்தான் காலி செய்யச் சொல்ல முடியும். ஒப்பந்தம் உறுதியாக இருக்கும் இடத்தில் மக்கள் வாடகைக்கு இருக்கத் தயங்குவதில்லை.

நம் மாநிலத்திலும் சட்டம் மாறிவிட்டது, வழக்கம்தான் மாறவில்லை. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைதாரர் உரிமைச் சட்டம் பழைய 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. காலம் எவ்வளவாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும் என்கிறது. தனியாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார்கள். தகராறு வந்தால் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. பேனா கையில் இருந்தால் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் இருப்பதே காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணம் ஆகிவிடும். "நமக்குள்ள எதுக்குங்க பத்திரம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் வீட்டுக்காரரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு தடைக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. எலி வளையானாலும் தனி வளை என்று நம்மவர்கள் சொல்வது கணக்குத் தெரியாமல் இல்லை. டு-லெட் போர்டைப் பார்த்து உள்ளே போனால் முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றி இருக்காது. "நீங்க என்ன ஆளுங்க?" அசைவம் சமைப்பவருக்கு இல்லை, முஸ்லிமுக்கு இல்லை, தனியாக இருக்கும் பெண்ணுக்கு இல்லை. மாநில அரசு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டை இலவசமாகக் கொடுத்தாலும், சப்-மீட்டரைக் காட்டி முதல் யூனிட்டிலிருந்தே எட்டு, ஒன்பது ரூபாய் வாங்குகிறவர் உண்டு. குடும்பத்தில் ஒரு சாவு நேர்ந்தால் உடலை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், ஆஸ்பத்திரியிலிருந்தே நேராக எடுத்துப்போய்விடுங்கள் என்று சொல்கிறவரும் உண்டு. அந்த அவமானத்துக்கு அஞ்சி மாதம் 32,000 கூடுதலாகக் கட்டுகிறவரைப் பார்த்து வட்டிக் கணக்கு பேச எனக்கு வாய் வராது. அறுபது வயதைத் தாண்டியவருக்கும் இதே நிலைதான். வருமானம் நின்ற பிறகு வாடகை ஏறுவதும், மூட்டுவலியோடு மூன்றாம் மாடிக்குச் சாமான் மாற்றுவதும் எந்தக் கணக்கிலும் அடங்காது. ஓய்வுக்கு முன்னால் கடன் முடிந்த ஒரு சிறு வீடு, தன் ஊரிலோ புறநகரிலோ இருப்பது நல்லதுதான். ஆனால் அதற்காக இருபத்தெட்டு வயதில், முதல் வேலையில், சம்பளத்தில் பாதியைத் தவணைக்குக் கட்டத் தொடங்க வேண்டியதில்லை.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் வீட்டுக்காரர்களும் இருப்பீர்கள், உங்களுக்கு ஒரு வேண்டுகோள். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, பெயிண்ட் அடிக்க என்று அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளும் ஒரு மாத வாடகை, வண்டிக்கூலி என்று ஒருமுறை வீடு மாறினால் குடியிருப்பவருக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் போய்விடுகிறது. ஆள் மாறும் இடைவெளியில் வீடு காலியாகக் கிடந்தால் உங்களுக்கும் நஷ்டம். நல்ல குடித்தனம் அமைந்திருந்தால், அடுத்த முறை புதுப்பிக்கும்போது மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தம் எழுதிப் பாருங்கள். ஆண்டுக்கு இத்தனை சதவீதம் ஏறும் என்று அதிலேயே குறித்து, பதிவும் செய்துவிடுங்கள். பதினோராம் மாதம் வந்ததும் இரண்டு பக்கமும் முகத்தைப் பார்க்கத் தயங்கும் அந்த வாரம் இல்லாமல் போகட்டும்.