சிலம்புச் செல்வரின் கழகமும் சங்கரலிங்கனாரின் நோன்பும்



வென்ற தொகுதிகளை எண்ணிக் கட்சிகளை அளப்பது அரசியல் நூலார் வழக்கம். அவ்வளவுகோலின்படி, 1946 நவம்பரில் ம.பொ.சிவஞானம் தோற்றுவித்த தமிழரசுக் கழகம் மிகச் சிறிய கட்சியே. ஆட்சியைக் கைப்பற்றும் வலிமை அதற்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. ஆயினும் இன்று நாம் இயல்பாகச் சொல்லும் 'தமிழ்நாடு' என்னும் பெயரின் பின்னே அச்சிறு கட்சியின் உழைப்பும் உண்டு. அக்கட்சியைச் சாராத விருதுநகர்ப் பெரியவர் ஒருவரின் உயிரும் உண்டு. இவ்விரண்டையும் ஒருசேர வைத்து நோக்குவார் குறைவு.

ம.பொ.சி. 1906 சூன் 26 அன்று சென்னையில் வறிய குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. பின்னர் டாக்டர் வரதராசுலு நாயுடு நடத்திய இதழில் அச்சுக்கோப்பவராகப் பணியாற்றினார். அவ்விதழின் பெயரே 'தமிழ்நாடு' என்பது நினைக்கத்தக்கது. சிவகாசி அச்சகங்களில் ஈய எழுத்தைக் கையாண்ட மூத்தோர்க்கு அத்தொழிலின் அருமை தெரியும். எழுத்தைத் தலைகீழாகப் படித்து, ஒவ்வொன்றாக எடுத்து, வரியாக நிறுத்த வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவர்க்கு அதுவே பள்ளியாயிற்று. 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறைப்பட்டு அமராவதிக்கு அனுப்பப்பட்டார். வாழ்நாள் முழுதும் நீங்காத வயிற்று நோயோடு அங்கிருந்து மீண்டார். சிறையில் அவர் தோய்ந்து கற்றது சிலப்பதிகாரம். ரா.பி.சேதுப்பிள்ளை அவரைச் 'சிலம்புச் செல்வர்' எனப் போற்றியது தமிழுலகம் அறிந்ததே.

இலக்கியச் சுவைக்காக மட்டும் அவர் சிலம்பை ஏந்தவில்லை என்பதை இவ்வவை சிறப்பாகக் கருத வேண்டும். சோழ நாட்டிற் பிறந்து, பாண்டிய நாட்டில் வழக்குரைத்து, சேர நாட்டில் தெய்வமான பெண்ணின் கதையை, மூவேந்தர் எல்லைகளையும் ஒன்றாகக் காட்டும் தமிழக வரைபடமாக அவர் படித்தார். வேங்கடம் முதல் குமரி வரை என்ற பழைய எல்லை, அவர் கையில் அரசியல் கோரிக்கையாயிற்று. புலவர் சிலர் இதனை இலக்கியத்தின்மேல் ஏற்றிய சுமை என்பர். அக்குறையில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் மேடைதோறும் இளங்கோவைக் கொண்டு சென்றவர் அவரே.

ஆந்திரம் பிரிந்தபோது சென்னை நகரம் தமிழர்க்கே உரியது என்று கழகம் கிளர்ந்தது. வடவெல்லைப் போரில் மங்கலங்கிழாரும் கே.விநாயகமும் உடன் நின்றனர். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது, திருப்பதி சேரவில்லை. 1954இல் ம.பொ.சி. காங்கிரசை விட்டு விலகினார். திராவிட இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்துப் பேசியவர், 1967இல் தி.மு.க.வோடு சேர்ந்து தேர்தலில் நின்றார். இதனை மறைக்க வேண்டுவதில்லை. சிறு கட்சியைத் தோற்றுவித்தவர், கொள்கை நிறைவேறப் பெரிய கட்சியின் தோளைத் தேட வேண்டியிருந்தது.

இனி இம்மண்ணுக்கு வருவோம். விருதுப்பட்டி 1923இல் விருதுநகர் ஆயிற்று. ஊரின் பெயரை எளிதில் மாற்றிக்கொண்ட மக்கள், நாட்டின் பெயர் மாறுவதற்கு நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. 1956 சூலை 27 அன்று, முதிய காந்தியத் தொண்டர் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பு தொடங்கினார். சென்னை மாநிலத்திற்குத் 'தமிழ்நாடு' எனப் பெயரிட வேண்டும் என்பது அவர் முன்வைத்த பன்னிரண்டு கோரிக்கைகளுள் ஒன்று. கதர், மதுவிலக்கு, ஆள்வோரின் எளிமை முதலியனவும் அப்பட்டியலில் இருந்தன. பெயர்க் கோரிக்கை ஒன்றையே நினைவில் வைத்துப் பிறவற்றை நாம் மறந்துவிட்டோம். நோன்பைக் கைவிடுமாறு அண்ணா உள்ளிட்ட தலைவர்கள் வேண்டினர், அவர் இசையவில்லை. அப்போது முதலமைச்சராக இருந்த காமராசர் பிறந்த ஊரும் இதுவே. தன் ஊரார் ஒருவர் தன் ஆட்சியை நோக்கிப் பட்டினி கிடந்தார் என்பது அந்த நோன்பின் மிகக் கடினமான பகுதி.

அக்டோபர் 13 அன்று மதுரை மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. தம் உடலைப் பொதுவுடைமைக் கட்சியினரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அவரது விருப்பம். அவ்வாறே நிகழ்ந்தது. பத்தொன்பது நாள் கழித்து, நவம்பர் 1இல் கன்னியாகுமரியையும் செங்கோட்டையையும் சேர்த்துக்கொண்டு மொழிவழி மாநிலம் அமைந்தது. பெயர் மட்டும் 'சென்னை' என்றே நின்றது.

1952 திசம்பரில் சென்னையில் பொட்டி சிறீராமுலு நோன்பிருந்து மறைந்தார். ஓராண்டுக்குள், 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. சங்கரலிங்கனார் மறைந்தபின் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அங்கே ஒரு மொழியினர் முழுதும் கொந்தளித்தனர். இங்கே கோரிக்கை பல கட்சிகளுக்குப் பொதுவாக இருந்தது. அதனாலேயே எக்கட்சியும் அதனைத் தன் முழுப்பொறுப்பாகக் கொள்ளவில்லை. சிறு கட்சி தொடர்ந்து குரல் கொடுத்தது; ஆனால் அரசை அசைக்கும் எண்ணிக்கை அதனிடம் இல்லை. 1961இல் தமிழ் எழுத்துகளில் மட்டும் 'தமிழ்நாடு' என வழங்கலாம் என்று அரசு பாதி வழி வந்தது. ஆங்கிலத்தில் பழைய பெயரே நீடித்தது.

1967 சூலை 18 அன்று அண்ணாவின் அரசு சட்டமன்றத்தில் பெயர்மாற்றத் தீர்மானத்தைக் கொண்டுவந்தது. தியாகராய நகர் உறுப்பினராக ம.பொ.சி. அந்த அவையில் இருந்தார். சங்கரலிங்கனார் இல்லை. 1969 சனவரி 14 அன்று பெயர் நடைமுறைக்கு வந்தது. அப்பெயரைத் தாங்கிய இதழுக்கு ஈய எழுத்துக் கோத்தவர், அதன்பின் இருபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்து 1995 அக்டோபர் 3 அன்று மறைந்தார்.