முத்துக் குளிச்சவனுக்குப் பங்கு உண்டு. வெயில் காயும் புஞ்சைக்காரனுக்கு இல்லையா?

(விவசாயிகள் கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

அன்பார்ந்த சம்சாரிப் பெருமக்களே! வேலைவெட்டியை ஒதுக்கி வச்சிட்டு வந்திருக்கிற தாய்மார்களே! கீதாரி அண்ணாச்சிமார்களே! உப்பளத்தில் இருந்தும் கடற்கரையில் இருந்தும் வந்திருக்கிற தோழர்களே!

நம்ம தூத்துக்குடிக்கு முத்துநகர்னு பேரு. கடைசியா இங்கே முத்துக் குளிப்பு நடந்தது 1961ல். இங்கே இருக்கிற பெரியவங்களில் சிலர் அதைப் பார்த்திருப்பீங்க. வெள்ளைக்காரன் காலத்தில் அது எப்படி நடந்ததுன்னு ஒரு கணக்கு இருக்கு. குளிச்சு எடுத்த சிப்பியைக் கரையில் மூணு குவியலாப் போடுவாங்க. ரெண்டு குவியல் சர்க்காருக்கு. ஒரு குவியல் மூச்சைப் பிடிச்சு முங்கினவனுக்கு.

அது நியாயமான பங்குன்னு நான் சொல்லலை. உயிரைப் பணயம் வச்சவனுக்கு மூணில் ஒண்ணு குறைச்சல்தான். ஆனாலும் பங்குன்னு ஒண்ணு இருந்துச்சு. நம்மை அடிமையா வச்சிருந்தவன்கூட, "உனக்குக் கூலி மட்டும்தான், சிப்பியில் பாத்தியதை கிடையாது"ன்னு சொல்லலை. இதை மனசுல வச்சுக்கிட்டு மீதியைக் கேளுங்க.

இப்போது வந்திருக்கும் புது முத்து

இப்போ நம்ம மாவட்டத்துல ஒரு புது முத்து கிடைச்சிருக்கு. அதுதான் வெயிலும் காத்தும். காத்து நமக்குப் புதுசு இல்லை. இந்தியாவுலேயே முதன்முதலாக் காத்தாடி நட்டு மின்சாரம் எடுத்த இடங்களில் தூத்துக்குடியும் ஒண்ணு. அது 1986ல். கயத்தாறுல காத்தாடிகளைச் சோதிச்சுப் பார்க்கிற மத்திய அரசு நிலையமே இருக்கு. வெயில் நம்ம சொத்து. "கருத்துப்போன கரிசக்காட்டான்"னு நம்மளைக் கேலி பேசின வெயில் அது. அந்த வெயிலுக்குத்தான் இப்போ கம்பெனிக்காரங்க கார் எடுத்துக்கிட்டு வாராங்க.

மத்திய அரசு 2023 ஜனவரியில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம்னு ஒண்ணுக்கு ஒப்புதல் கொடுத்துச்சு. ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். 2030க்குள்ள வருஷத்துக்கு 50 லட்சம் டன் ஹைட்ரஜன் செய்யணும், அதுக்காக 1,25,000 மெகாவாட் புதுசா சூரிய மின்சாரமும் காத்து மின்சாரமும் வேணும்னு இலக்கு. இதுக்கு மையமாத் தேர்ந்தெடுத்த மூணு துறைமுகத்துல நம்ம வ.உ.சி. துறைமுகம் ஒண்ணு. 2025 செப்டம்பரில் அங்கே ஒரு சின்ன மாதிரி ஆலையைத் திறந்தாங்க. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குக்கு அதிலிருந்து மின்சாரம். 2024 ஜனவரியில் நடந்த முதலீட்டாளர் மாநாட்டில் சிங்கப்பூரின் செம்ப்கார்ப் நிறுவனம் மட்டும் 36,238 கோடி ரூபாய்க்கு நம்ம மாநில அரசோட ஒப்பந்தம் போட்டுச்சு.

இதைக் கேட்டு நாம எதிர்க்கப் போறோமா? இல்லை. தெளிவாச் சொல்றேன், சுத்தமான மின்சாரத்துக்கு நம்ம சங்கம் எதிரி இல்லை. 1979ல் இருந்து நிலக்கரிச் சாம்பலைச் சுவாசிக்கிற மாவட்டம் இது. அனல் மின்நிலையத்துப் புகையோட விலை நமக்குத் தெரியும். மழை தப்பிப் போறதும், பெய்ஞ்சா ஒரே நாள்ல காயல்பட்டினத்துல 95 சென்டிமீட்டர் கொட்டுறதும், 2023 டிசம்பரில் கண்ணால பார்த்தோம். பருவம் கெட்டுப்போனா முதலில் சாகிறது மானாவாரி சம்சாரி. அதனால கரியை விட்டு வெயிலுக்கு மாறட்டும். நம்ம கேள்வி ஒண்ணே ஒண்ணு. அந்த வெயிலில் நம்ம பங்கு எவ்வளவு?

ஆலை துறைமுகத்தில், அதன் விளைநிலம் நம்ம ஊரில்

"ஹைட்ரஜன் ஆலை துறைமுகத்துல வருது, அதுக்கும் நம்ம புஞ்சைக்கும் என்ன அண்ணாச்சி சம்பந்தம்?"னு ஒரு தம்பி கேட்டாப்ல. நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தண்ணிக்குள்ள மின்சாரத்தைப் பாய்ச்சினா ஹைட்ரஜன் தனியா, ஆக்சிஜன் தனியாப் பிரியும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் கிட்டத்தட்ட 9 லிட்டர் சுத்தத் தண்ணி, 50 யூனிட்டுக்கு மேல மின்சாரம் செலவு. அந்த ஹைட்ரஜனை அமோனியாவா மாத்திக் கப்பலில் ஏத்துவாங்க.

வருஷத்துக்கு 2 லட்சம் டன் அமோனியா செய்யுற ஆலை ஒண்ணுன்னு வச்சுக்கோங்க. அதுல ஹைட்ரஜன் எடை மட்டும் சுமார் 35,000 டன். அதைப் பிரிக்க வருஷத்துக்கு சுமார் 175 கோடி யூனிட் மின்சாரம் வேணும். ஒரு மெகாவாட் சோலார் நம்ம பக்கத்து வெயிலில் வருஷத்துக்கு சுமார் 16 லட்சம் யூனிட் கொடுக்கும். அப்போ ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல வேணும். ஒரு மெகாவாட்டுக்கு நாலு ஏக்கர்னா நாலாயிரம் ஏக்கருக்கு மேல. காத்தாடி மின்சாரத்தைக் கலந்தா நிலம் கொஞ்சம் குறையும். ஆனா இது ஒரே ஒரு ஆலைக்கான கணக்கு.

இப்போ புரியுதா? ஆலைக்குத் துறைமுகத்துல சில நூறு ஏக்கர் போதும். அதுக்குத் தீனி போடுற நிலம் ஒட்டப்பிடாரத்துல, விளாத்திகுளத்துல, எட்டயபுரத்துல, கயத்தாறுல இருக்கு. அங்கே உளுந்தும் பாசியும் கம்பும் மிளகாயும் விளையுது. அதைத்தான் காகிதத்துல "தரிசு"ன்னு எழுதுறாங்க.

நானும் விற்றவன்தான்

ஒரு உண்மையைச் சொல்லணும். உங்களுக்குப் புத்தி சொல்லுற நானும் ஏமாந்தவன்தான். மகள் கல்யாணச் செலவுக்காக, எங்க அப்பா விட்டுட்டுப் போன புஞ்சையில் ஒண்ணரை ஏக்கரை வித்தேன். வந்த புரோக்கர், "மரம் வளர்க்கப் போறாக அண்ணாச்சி, இந்தக் காட்டுல வேற என்ன வெளைஞ்சிரப் போகுது"ன்னான். கையில வந்த பணம் கல்யாணப் பந்தலோட கரைஞ்சு போச்சு. நிலம் ரெண்டு கை மாறி இன்னைக்குக் கண்ணாடிக் காடா நிக்குது. முள்கம்பி வேலிக்கு வெளியே நின்னு என் புஞ்சையை நான் பார்க்கிறேன். எனக்கு அடுத்த நிலத்துக்காரர் அவர் வித்த நிலத்துக்கே ராத்திரிக் காவலுக்குப் போறார்.

அந்த நிலத்துல என்ன வருமானம் வருதுன்னு அப்புறம்தான் கணக்குப் பார்த்தேன். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில், 2016ல் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்துச்சு. அதானி குழுமத்தோடது. நிலம் 2,500 ஏக்கர். மின்வாரியத்தோட 2015ல் போட்ட ஒப்பந்தத்துல விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 பைசா. ஒரு ஏக்கரில் வருஷத்துக்கு சுமார் 4 லட்சம் யூனிட். அந்த விலைக்குப் பெருக்கினா ஒரு ஏக்கர் வெயிலுக்கு வருஷத்துக்கு 28 லட்சம் ரூபாய்! 2017ல் ராஜஸ்தானில் ஏலம் 2 ரூபாய் 44 பைசாவுக்கு இறங்கிருச்சு. சரி, யூனிட்டுக்கு 3 ரூபாய்னே வைப்போம். அப்பவும் ஏக்கருக்கு 12 லட்சம். இதுல கண்ணாடித் தகடுக்கும் கம்பிக்கும் வட்டிக்கும் பெரும் செலவு இருக்கு, மறுக்கலை. போட்ட முதலுக்கு அவங்க லாபம் எடுக்கட்டும். ஆனா, 25 வருஷத்துக்கு வருமானம் தர்ற நிலத்தை ஒரு தடவைப் பணத்துக்கு எழுதிக் கொடுத்துட்டு வர்றோமே, அது எந்த ஊரு நியாயம்?

யாரும் நம்மைக் கேட்பதில்லை

அனல் மின்நிலையம் கட்டினா சுற்றுச்சூழல் அனுமதி வாங்கணும், மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் போடணும். சோலாருக்கு அந்த அனுமதியே தேவையில்லைன்னு விலக்குக் கொடுத்துட்டாங்க. அதனால கூட்டமும் கிடையாது. 2013ஆம் வருஷத்து நிலமெடுப்புச் சட்டப்படி அரசு எடுத்தா, நிலமில்லாத கூலிக்காரருக்கு என்ன பாதிப்புன்னு ஆய்வு செய்யணும். புரோக்கர் வச்சுத் துண்டு துண்டா வாங்கினா அதுவும் கிடையாது. வித்தவனுக்காவது பணம். களை பறிச்ச தாய்க்கும், அறுப்புக்குப் பிறகு கிடை போட்ட கீதாரிக்கும் என்ன கிடைச்சுது? வேலிக் கம்பிதான்.

அதுக்கு மேல, 2023 ஏப்ரலில் சட்டமன்றத்துல நிறைவேறின நில ஒருங்கிணைப்புச் சட்டம். 2024 அக்டோபரில் அமலுக்கு வந்துருச்சு. 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டத்துக்குள்ள ஓடை, வாய்க்கால், குளம்னு அரசு நிலம் மாட்டிக்கிட்டா, அதையும் திட்டத்தோட சேர்த்துக்க வழி செய்யுற சட்டம் அது. ஓடையை வேலிக்குள்ள வச்சுட்டா நம்ம கண்மாய்க்குத் தண்ணி எப்படி வரும்? 2023 டிசம்பர் மாதிரி வெள்ளம் வந்தா எந்த வழியாப் போகும்? நம்ம வீட்டு வழியாத்தான் போகும்.

2018 மே மாசத்துல 13 உயிரைப் பறிகொடுத்த மாவட்டம் இது. மக்கள் பேச்சைக் காலத்துல கேட்காமப் போனா என்ன ஆகும்னு அரசுக்கு நாம சொல்ல வேண்டியதில்லை.

தாமிரபரணியில் கை வைக்காதே

தண்ணிக்கு வருவோம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் இருந்து ஆலைகளுக்குன்னு போட்ட 20 எம்.ஜி.டி. திட்டம் நமக்குத் தெரியும். ஒரு நாளைக்கு 9 கோடி லிட்டர். கீழ்க்கால் வயலுங்க காய்ஞ்சு கிடக்கையில் குழாயில் தண்ணி ஓடினதைப் பார்த்து நாம போராடினோம்.

இப்போ ஹைட்ரஜனுக்கும் ஆத்துத் தண்ணியைக் கேட்டா நாம சொல்ல வேண்டிய பதில் இதுதான். கடல் தண்ணி ஆயிரம் லிட்டரைச் சுத்தம் செய்ய மூணு, நாலு யூனிட் மின்சாரம் போதும். அதே ஆயிரம் லிட்டரில் இருந்து ஹைட்ரஜன் பிரிக்க அஞ்சாயிரம் யூனிட்டுக்கு மேல செலவழிக்கிறே. அஞ்சாயிரம் செலவழிக்கிறவனுக்கு நாலு பாரமா? கடலோரத்துல இருந்துகிட்டு ஆத்தை ஏன் பார்க்கிறே? மிஞ்சுற உப்புக் கழிவையும் மீன்பாடு இருக்கிற இடத்துல கொட்டாதே.

கடற்கரைத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கடலுக்குள்ள காத்தாடி நட, 2024 ஜூனில் மத்திய அரசு 7,453 கோடி ரூபாய் உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்துச்சு. 500 மெகாவாட் குஜராத்துக்கு, 500 மெகாவாட் தமிழ்நாட்டுக்கு. அதுக்குக் கண் வச்சிருக்கிறது மன்னார் வளைகுடாப் பக்கம். முத்துப்பாரும் சங்கும் பவளப்பாறையும் இருக்கிற கடல் அது. பவளத்தை வெட்டி எடுத்ததால அங்கே ரெண்டு தீவு ஏற்கெனவே கடலுக்குள்ள போயிருச்சு. நிலத்துல எங்களைக் கேட்காம வேலி போடாதேங்கிறோம். கடலில் உங்களைக் கேட்காமத் தூண் நடாதேன்னு உங்களோட சேர்ந்து நிப்போம்.

என்னதான் செய்யச் சொல்றீக?

2019ல் மத்திய அரசு கொண்டுவந்த குசும் திட்டத்துல ஒரு நல்ல அம்சம் இருக்கு. அரை மெகாவாட்டில் இருந்து 2 மெகாவாட் வரைக்கும், துணை மின்நிலையத்துக்கு 5 கிலோமீட்டருக்குள்ள, விவசாயியே சோலார் நிலையம் போடலாம். தனியாவும் போடலாம், கூட்டுறவாவும் போடலாம், உழவர் உற்பத்தியாளர் கம்பெனியாவும் போடலாம். முதல் இல்லைன்னா நிலத்தைக் குத்தகைக்கு விடலாம். அந்தத் திட்டத்துக்கு 2026 மார்ச் வரைன்னு காலத்தை நீட்டினாங்க. திட்டத்தோட பேரும் தேதியும் மாறலாம். நிலத்துக்காரனே மின்சாரக்காரன் ஆகலாம்ங்கிற கொள்கையை நாம விடக் கூடாது. பெரிய கம்பெனிக்குக் கோடிக் கணக்கில் கடன் கொடுக்கிற வங்கி, பத்துப் பேர் சேர்ந்த சம்சாரி சங்கத்துக்குக் கொடுக்காதா?

நம்ம கோரிக்கைகள்:

1. சோலாருக்கும் காத்தாடிக்கும் புஞ்சையை விலைக்கு வாங்காதே. குத்தகை மட்டும்தான். வருஷா வருஷம் குத்தகை உயரணும். மின்சார வருமானத்தில் பங்கும் வேணும். நம்ம பட்டாவை வங்கியில் அடகு வைக்க விடக் கூடாது.

2. கிராமசபைத் தீர்மானம் இல்லாம எந்தச் சோலார் பூங்காவும் கூடாது. கூலிக்காரருக்கும் ஆடு வளர்ப்போருக்கும் இழப்பீடு வேணும்.

3. ஓடை, கண்மாய், வண்டிப்பாதை, மேய்ச்சல் புறம்போக்கு வேலிக்குள்ள போகக் கூடாது. நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைத் திரும்பப் பெறு.

4. ஹைட்ரஜனுக்குத் தாமிரபரணியில் ஒரு சொட்டும் கிடையாது.

5. கூட்டுறவு சோலாருக்கு அரசு ஜாமீனில் குறைந்த வட்டிக் கடன் கொடு.

6. 25 வருஷம் கழிச்சுப் பழைய தகடுகளை அள்ளி, நிலத்தைப் பழையபடி ஒப்படைக்க இப்பவே கம்பெனியிடம் வைப்புத்தொகை வாங்கு.

7. மின்சாரச் சட்டத் திருத்தம்னு சொல்லிப் பம்புசெட்டு இலவச மின்சாரத்துல கை வைக்காதே.

கடைசிக் கோரிக்கைக்கு ஒரு வார்த்தை. இலவச மின்சாரம் யாரும் தூக்கிப் போட்ட பிச்சை இல்லை. 1970ல் பெருமாநல்லூரில் மூணு விவசாயி குண்டடிபட்டுச் செத்தாங்க. நாராயணசாமி நாயுடு அய்யா 1984ல் உயிரை விட்டது நம்ம கோவில்பட்டியில்தான். 2003ல் பறிச்சாங்க, 2004ல் திரும்பக் கொடுக்க வச்சோம்.

அதனால இப்போ செய்ய வேண்டியது இது. புரோக்கர் வந்தா அன்னைக்கே கையெழுத்துப் போடாதீங்க. பவர் எழுதிக் கொடுக்கவே கொடுக்காதீங்க. காகிதத்தைச் சங்கத்துக்குக் கொண்டாங்க, வாசிச்சுச் சொல்றோம். அடுத்த கிராமசபையில் ஊரே போய் உக்காந்து இந்தத் தீர்மானத்தைப் போடுங்க. கஷ்டத்துக்கு விக்கத்தான் வேணும்னு நிக்கிற சம்சாரி, முதலில் ஊர்க் கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அன்னைக்கு அப்படிச் சொல்ல ஒரு கூட்டம் இல்லை. உங்களுக்கு இருக்கு.

கடலில் முங்கினவனுக்கு ஒரு குவியல் சிப்பி கிடைச்சது. கரிசலில் காயுற நமக்கும் ஒரு குவியல் உண்டு. அதைக் கேட்டு வாங்குவோம்! மாவட்ட ஆட்சியர் அலுவலகம் முன்பு கூடுவோம்! ஒரு வீட்டுக்கு ஒருத்தர் வாங்க!