சிங்கப்பூரில் சிக்கனச் சாப்பாடு

சிங்கப்பூர் விலைவாசியைக் கேட்டே பலர் பெட்டியில் புளிக்காய்ச்சலைத் திணித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். அவ்வளவு பயம் வேண்டாம். அங்கே நல்ல உணவகத்தில் உட்கார்ந்தால் பெரும்பாலும் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதன்மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி என்று பில் ஏறும். சிறு சிறு சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் ஹாக்கர் சென்டரிலோ பலகையில் போட்டிருக்கும் விலைதான். ஏசி கிடையாது, பரிமாற ஆள் கிடையாது, மேசை எல்லாருக்கும் பொது; ஒரு கடைக்கு ஒன்றிரண்டு பதார்த்தம். செலவு குறைவது இவற்றில்தானே தவிர, சமையலில் அல்ல.

மலிவென்றால் சுத்தம் இருக்குமா என்று கேட்பது நியாயம். 1970, 80களில் தெருவோர வியாபாரிகளை அரசு இந்தக் கட்டடங்களுக்குள் கொண்டுவந்ததே குழாய்த் தண்ணீரும் சாக்கடை வசதியும் கிடைக்கத்தான். ருசி? 2016இல் இரண்டு ஹாக்கர் கடைகள் உணவகங்களுக்கான உயரிய அங்கீகாரமான மிஷலின் நட்சத்திரமே வாங்கின. புழுக்கமும் மதியக் கூட்டமும் உண்மை. 12 மணிக்கு முன்பே போய்விடுங்கள். காலி மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால், நம்மூர் பஸ் சீட்டில் போட்ட துண்டு மாதிரி, இடம் பிடித்தாயிற்று என்று அர்த்தம். தோசை வேண்டுமா, லிட்டில் இந்தியாவில் தேக்கா சென்டர் இருக்கிறது. சாப்பிட்ட தட்டை மட்டும் நீங்களே அதற்கான இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். 2021 முதல் அது கட்டாயம், மறுபடி மறுபடி மறந்தால் அபராதம்.